ரிச்சி ஸ்ட்ரீட் மாடியில் ஒரு டேட்டா ரெகவரி கடை: டிஸ்க்கோடு போய் வந்த அனுபவம்

கடையின் பெயரை எழுதப்போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உங்க கடையப் பத்தி எழுதட்டுமா பாய்?" என்று கேட்டேன். "எழுதுங்க தம்பி, பேரு மட்டும் வேணாம். இருக்கறது ரெண்டு பேரு, மூணு மேசை. கூட்டம் வந்தா அவசரம் வரும். அவசரம் வந்தா யாரோட டிஸ்க்காவது போயிடும்" என்றார். நியாயம்தான். சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்து, மீரான் சாகிப் தெருப் பக்கம், இரண்டாவது மாடி. கீழே கேபிள் விற்கிறவர்களிடம் "டிஸ்க் பாய் எங்க?" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள். லிஃப்ட் கிடையாது. மாடிப்படி ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம்.

எனக்குக் கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ. அப்பா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். கல்யாணம்தான் சோறு போடுகிறது. எடுத்ததையெல்லாம் 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்றில் போட்டுவைத்திருந்தேன். மொத்தம் 46 போல்டர், லட்சத்துக்கு மேல் படம், கொஞ்சம் வீடியோ. காப்பி இல்லையா என்று கேட்பீர்கள். பாதிக்கு இருந்தது. மீதிப் பாதியில் ஆல்பமே இன்னும் கொடுக்காத ஏழு கல்யாணம் இருந்தது. தூக்கம் போனது அந்த ஏழுக்காகத்தான்.

நடந்தது இதுதான். ஆவணி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்த அன்று, காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கேபிளை இழுத்துவிட்டார்கள். மறுபடி சொருகியதும் விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டியிருக்கிறது: இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா? கடைப் பையன், கம்ப்யூட்டரே மரியாதையாகக் கேட்கிறதே என்று சரி கொடுத்துவிட்டான். பத்து விநாடியில் முடிந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காலியாகத்தானே இருக்கிறது என்று அன்று சாயங்காலம் எடுத்த சீமந்தப் படம் 11 ஜிபியையும் அதிலேயே ஏற்றிவைத்தான். நான் வந்து பார்க்கும்போது 4 டிபி டிஸ்க்கில் ஒரே ஒரு போல்டர்.

பையனைத் திட்டினேன். பிறகு யோசித்தால், அந்தப் பெட்டி வந்தால் தொடாதே என்று நான் ஒருநாளும் அவனுக்குச் சொன்னதில்லை.

பாயிடம் போவதற்கு முன்னால் இரண்டு இடம் ஏறி இறங்கினேன். ஒன்று எங்கள் ஊரிலேயே. அங்கே ஒரு தம்பி ரெகவரி சாஃப்ட்வேரைப் போட்டு ஓடவிட்டு, கிடைத்த ஃபைலையெல்லாம் அதே டிஸ்க்கிலேயே சேமிக்கப் போனார். நல்லவேளை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஏதோ சரியில்லை என்று தோன்றிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது சென்னையில், ஏசி போட்ட வரவேற்பறை, கையில் கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அரை மணி நேரம் கழித்து வந்தவர், "ஹெட் போயிருக்கு சார். கிளீன் ரூம்ல வச்சுத் திறக்கணும். முப்பத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார். ஹெட் என்பது டிஸ்க்குக்குள் சுற்றுகிற தட்டைப் படிக்கிற முனை, கிளீன் ரூம் என்பது தூசி இல்லாத அறை. டிஸ்க்கைச் சொருகியே பார்த்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

பாய் செய்த முதல் வேலை, டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுக் காதருகே வைத்துக்கொண்டது. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல ஒரு நிமிஷம். பிறகு, "டிக் டிக்குன்னு அடிச்சா ஹெட்டு. இது சுத்தமா ஓடுது. யாரு சொன்னது ஹெட்டுன்னு?" பெயர் சொன்னேன். சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்கிற ஸ்மார்ட் கணக்கைத் திறந்தார். கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டார், அதாவது தட்டில் பிரித்த சின்னத் துண்டு, எத்தனை என்ற வரியில் பூஜ்ஜியம். "தட்டு நல்லாருக்கு, ஹெட்டு நல்லாருக்கு. இதத் திறந்தாத்தான் கெடும். உள்ள ஹெட்டு தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல பறக்குது. ஒரு தூசி அதுக்கு மலை மாதிரி. உங்களுக்குச் சரக்கு எல்லாம் பத்திரமா இருக்கு, நோட்டுதான் கிழிஞ்சிருக்கு."

நோட்டு என்று அவர் சொன்னதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அப்பா காலத்தில் எங்கள் கடையில் நெகட்டிவ் நோட்டு என்று ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது. பிலிம் கழுவிக் காய்ந்ததும் ஆறு ஆறு ஃபிரேமாக வெட்டி, பட்டர் பேப்பர் கவரில் போட்டு, கவர் மேல் ஒரு நம்பர். ஸ்டீல் பீரோவில் நம்பர் வரிசையில் அடுக்கிவிடுவார். யாருடைய கல்யாணம், எந்தத் தேதி, எந்த நம்பர் கவர் என்பதெல்லாம் நோட்டில். நோட்டு தொலைந்தால் நெகட்டிவ் எங்கும் போகாது. ஆனால் பீரோவைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் கவர், எது யாருடையது என்று தெரியாது. பத்து விநாடி ஃபார்மேட்டில் நடந்தது அதுதான். 4 டிபியையும் அழிக்க வேண்டுமென்றால் அந்த டிஸ்க்குக்கு அரை நாளாவது ஆகும். பத்து விநாடியில் அது செய்ததெல்லாம் நோட்டின் முன்பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புது வெள்ளைத்தாள் வைத்தது.

பாய் டிஸ்க்கை நேரடியாகத் தொடவே இல்லை. நடுவில் ஒரு சின்னப் பெட்டி, அதன் வழியாகப் படிக்கலாம், எழுத முடியாது. அந்தப் பக்கம் அவருடைய இன்னொரு டிஸ்க். முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை, காலி இடம் உட்பட, அப்படியே நகல். காலை 11 மணிக்குப் போட்டது நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. ஆரம்பத்தில் வேகமாக ஓடி, போகப்போக மெதுவானது. டிஸ்க் களைத்துவிட்டதோ என்று பயந்தேன். தட்டின் வெளிவட்டம் பெரிது, ஒரு சுற்றில் நிறைய செக்டார் அகப்படும். உள்ளே போகப்போக வட்டம் சின்னதாகிறது, சுற்றும் வேகம் மட்டும் அதே. அவ்வளவுதான் என்றார்.

மறுநாள்தான் எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனது. அங்கே வேலை செய்கிற பெண், டிப்ளமோ முடித்தவர், இருபத்துமூன்று வயது இருக்கலாம். "அண்ணா, வந்து பாருங்க" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புத் திரையில் வரிசை வரிசையாக இரண்டிரண்டு எழுத்து, எண். ஹெக்ஸ் என்று சொல்கிறார்களே அது. என் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோல. அவர் ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இது 85 பாருங்கண்ணா. எக்ஸ்ஃபேட்ல, அதான் உங்க டிஸ்க்குல நோட்டு எழுதற முறை, ஒரு ஃபைலோட வரவு 85-ல ஆரம்பிக்கும். 32 பைட்டுக்கு ஒரு வரி. மொத வரில தேதி, அடுத்த வரில எங்க ஆரம்பிக்குது, எவ்ளோ நீளம். மூணாவது வரிலேர்ந்து பேரு."

"டெலிட் பண்ணா?"

"85-ங்கறது 05 ஆயிடும். அவ்ளோதான். பேரு, எடம், நீளம் எல்லாம் அப்படியே நிக்கும்."

இருபது வருஷமாக டெலிட் பட்டனை அழுத்துகிறவன் நான். ஒரு 8 பூஜ்ஜியமாகிறது என்பதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பா நோட்டில் பழைய பார்ட்டி பெயரைச் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு அடிப்பார், கவர் பீரோவிலேயே இருக்கும். பீரோவில் இடம் வேண்டும் என்கிறபோதுதான் அந்தக் கவரை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வைப்பார். அதே கதை.

அதைவிட ஆச்சரியம் பெயர்கள். நான் எல்லா போல்டருக்கும் தமிழில்தான் பெயர் வைப்பேன்: மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல், முகூர்த்தம், நலங்கு. லட்சக்கணக்கான வரிகளில் தமிழ்ப் பெயர் இருக்கும் வரிகளை அந்தப் பெண் வேகமாக ஓட்டிக்கொண்டே "இது உங்களோடது, இது உங்களோடது" என்று காட்டிக்கொண்டு போனார். எப்படி என்றேன். இதில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் இரண்டு பைட். இங்கிலீஷ் எழுத்து என்றால் இரண்டாவது பைட் 00. தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கிய இடம் முழுவதும் பூஜ்ஜியம்-பி என்ற ஒரே கட்டுக்குள் வருகிறது. அதனால் தமிழ்ப் பெயர் இருக்கும் இடத்தில் ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்ஜியம்-பி, பூஜ்ஜியம்-பி என்று வேலி நட்டதுபோல நிற்கும். பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கும் அது கண்ணில் பட ஆரம்பித்தது. இன்னொன்றும் காட்டினார்: "தாலி" என்று நாம் இரண்டெழுத்தாக எண்ணுவதை அது நான்காக வைத்திருக்கிறது. த தனி, துணைக்கால் தனி, ல தனி, கொக்கி தனி. ஒரு வரியில் 15 குறிதான் கொள்ளும். "மாப்பிள்ளை அழைப்பு" என்பது ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது.

சரி, கிழிந்தது எது, தப்பித்தது எது? இதை பாய் ஒரு பில் பேப்பரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். டிஸ்க்கைத் திறந்ததும் முதலில் தெரிகிற போல்டர் பட்டியல் ஒரே இடத்தில் இருக்கிறது. ஃபார்மேட் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் புதுப் பட்டியலை ஆரம்பிக்கும். அது போயே போய்விட்டது. ஆனால் அந்த போல்டர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்கிற பட்டியல்கள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, அவற்றை ஃபார்மேட் தொடவில்லை. ஆகவே முகூர்த்தம், நலங்கு என்பதெல்லாம் படங்களோடு, படத்தின் பெயரோடு கிடைக்கும். யாருடைய முகூர்த்தம் என்பது மட்டும் கிடைக்காது. மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட போல்டர் அத்தனையையும் நான் வெளியிலேயே, முதல் வரிசையிலேயே வைத்திருந்தேன். "வருஷத்துக்கு ஒரு போல்டர் போட்டு, அதுக்குள்ள இத வச்சிருந்தா இன்னிக்கு வருஷம் மட்டும்தான் போயிருக்கும்" என்றார். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு தண்டனை இருக்கும் என்று யார் கண்டது.

அடுத்தது ஃபேட் என்கிற சங்கிலி. டிஸ்க்கை 128 கேபி கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், கிளஸ்டர் என்று பெயர். ஒரு படம் 25 எம்பி என்றால் இருநூறு கட்டம். அவை அடுத்தடுத்து இருந்தால் எக்ஸ்ஃபேட் சங்கிலியே எழுதுவதில்லை. ஆரம்பக் கட்டமும் நீளமும் போதும் என்று ஒரு குறி மட்டும் போட்டுக்கொள்கிறது. துண்டு துண்டாக இருந்தால்தான் இந்தக் கட்டத்துக்கு அடுத்து அந்தக் கட்டம் என்று சங்கிலியில் எழுதுகிறது. ஃபார்மேட்டில் சங்கிலி முழுவதும் வெள்ளை. பழைய ஃபேட்32-ல் சங்கிலிக்கு இரண்டு பிரதி வைத்திருப்பார்கள், இதில் ஒன்றுதான்.

படங்கள் தப்பித்ததற்குக் காரணம் இதுவே. கார்டிலிருந்து ஒரே மூச்சில் ஏற்றியவை, வரிசையாக உட்கார்ந்திருந்தன. வீடியோவில்தான் அடி விழுந்தது. நடுவில் ஒரு சமயம் டிஸ்க் நிரம்பிப்போய், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் அழித்து இடம் பண்ணி, அந்த இடுக்குகளில் நான்கு பெரிய வீடியோவைத் திணித்திருந்தேன். நான்கும் துண்டு. ஆரம்பம் தெரிகிறது, மொத்த நீளம் தெரிகிறது, நடுவில் எங்கே தாவுகிறது என்பது தெரியவில்லை. ஒன்றில் மாலை மாற்றுவதற்குக் கை நீள்கிறது, அப்புறம் பச்சைக் கட்டமும் இரைச்சலும். பாய் இரண்டு நாள் முட்டிப் பார்த்தார். "முடியலைங்க, பொய் சொல்லி உங்கள வரவைக்க மாட்டேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்த மாடிப்படி ஏறலாம்.

பையன் ஏற்றிய 11 ஜிபி சீமந்தம் என்ன செய்தது? காலி டிஸ்க் என்று நினைத்து முன்பக்கத்திலிருந்து உட்கார்ந்துகொண்டது. முன்பக்கத்தில் இருந்தது, டிஸ்க் வாங்கிய புதிதில் நான் முதன்முதலாக ஏற்றிய 14 ஜிபி: அப்பாவின் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து வைத்தது. அதில் 11 ஜிபி நிரந்தரமாகப் போய்விட்டது. அதற்கு மேல் வேறு எழுதிவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது, ஏழு தடவை எழுதினால்தான் அழியும் என்பதெல்லாம் பழங்கதை என்றார் பாய். மீதி 3 ஜிபிக்கு அதன் பெயர்ப் பட்டியலும் போய்விட்டதால் வேறு வழி. ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்றுதான் ஆரம்பிக்கும். டிஸ்க் முழுக்க அந்த மூன்று பைட்டைத் தேடி, கிடைத்த இடத்திலிருந்து அள்ளிக்கொண்டு வருவது. படம் வரும், பெயர் வராது. 412 ஸ்கேன் இப்படி நம்பரோடு வந்து சேர்ந்தது.

தொலைந்ததில் இதற்கு மட்டும்தான் பீரோவில் அசல் இருக்கிறது என்று ரயிலில் திரும்பும்போது ஆறுதல் பட்டுக்கொண்டேன். வந்து திறந்து பார்த்தால், போன மழைக்குக் கீழ்த்தட்டில் ஈரம் ஏறி, நாற்பது ஐம்பது கவர் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. பிரித்தால் பிலிமின் பூச்சு உரிந்து வருகிறது. அதற்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை இல்லை.

கூலி விஷயம். ரூ.9,000 பேசினார். மீட்டதைப் போட்டுத் தர புது டிஸ்க் நாம்தான் வாங்கித் தர வேண்டும், கீழேயே கிடைக்கும். முடித்துக் கொடுக்கும்போது, வீடியோ நான்கும் வரவில்லை என்று அவராகவே ஆயிரம் குறைத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லையென்றால் பார்த்த கூலி 500. திங்கள் கொடுத்தது, சனிக்கிழமை கையில் வந்தது. இந்த வேலைக்கு இது மலிவு. ஆனால் தட்டோ ஹெட்டோ உண்மையிலேயே போன டிஸ்க்கை இவர் எடுப்பதில்லை. அதற்கு வேண்டிய இடமும் சாமானும் தன்னிடம் இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார். நான் இருந்த நாட்களில் அப்படி மூன்று பேர் திரும்பிப் போனார்கள்.

எஸ்எஸ்டி கொண்டுவருகிறவர்களும் பெரும்பாலும் வாடிய முகத்தோடுதான் போகிறார்கள். அதில் டெலிட் செய்தாலோ ஃபார்மேட் செய்தாலோ, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கே தகவல் சொல்லிவிடுகிறது, டிரிம் என்று பெயர். எஸ்எஸ்டி அந்த இடத்தைப் பின்னணியில் துடைத்து வைத்துக்கொள்ளும். அப்புறம் படித்தால் பூஜ்ஜியம்தான் வரும். இப்போது வருகிற சில போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கும் இந்த டிரிம் சொல்லைக் கேட்கிறதாம். என்னுடையது பழைய மாடல், அந்தப் பாஷை தெரியாது. பழசாக இருந்ததால் பிழைத்தேன். புது மாடல் வாங்கித்தரச் சொல்லி வீட்டில் தொல்லை கொடுத்தபோது வாங்காமல் இருந்ததற்கு இப்போது பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார்கள். காலை பதினொன்றுக்கு முன்னால் கடை திறக்காது, வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிடுவார்கள், நான் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுப் பேல் பூரி தின்று திரும்பினேன். ரசீது என்பது ஒரு துண்டுச் சீட்டு, அதில் டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நாலு இலக்கம் மட்டும். நானே போனில் டிஸ்க்கை இருபக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், நீங்களும் அப்படிச் செய்யுங்கள். உட்கார ஒரே ஸ்டூல். மின்விசிறி அவர்கள் பக்கம் பார்த்துச் சுற்றுகிறது.

பெரிய தயக்கம் வேறு. அதில் இருப்பது ஊரார் வீட்டுக் கல்யாணம். பெண் அலங்காரம் செய்துகொள்கிற அறையில் எடுத்த படமெல்லாம் இருக்கும். முன்பின் தெரியாத இடத்தில் அதைக் கொடுத்துவிட்டு வருவது எப்படி? இதைக் கேட்டபோது பாய் கோபித்துக்கொள்ளவில்லை. படங்களைத் திறந்து பார்க்காமல் பெயர், அளவு, தலைப்பு பைட் மூன்றையும் வைத்துச் சரிபார்க்கிறார்கள். திறந்து பார்க்கும் வேலை நம்முடையது. அதற்கு ஒரு வாரம் தருகிறார். அந்த ஒரு வாரமும் நம்முடைய நகல் அவர் டிஸ்க்கில் இருக்கும். எட்டாம் நாள் போன் செய்து, அவராகவே செய்கிற ஒரே போன் இதுதான், "எல்லாம் பாத்துட்டீங்களா, அடிச்சுடவா?" என்றார். "டெலிட்தானே பண்ணுவீங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "85-ஐ 05 ஆக்கவா? இல்ல தம்பி. மொத செக்டார்லேர்ந்து கடைசி வரைக்கும் பூஜ்ஜியம் எழுதிடறேன்." மறுநாள் வாட்ஸ்அப்பில் பதினைந்து விநாடி வீடியோ ஒன்று வந்தது. ஹெக்ஸ் திரையை மேலிருந்து கீழே ஓட்டுகிறார். 00 00 00 தவிர வேறொன்றும் இல்லை. அது என் டிஸ்க்கின் நகல்தான் என்று எப்படி நம்புவது என்று மனைவி கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்பித்தான் கொடுத்தேன்.

இடையில் கற்றுக்கொண்ட சில்லறை விஷயம் ஒன்று. புது 4 டிபி டிஸ்க்கைச் சொருகினால் 3.63 என்று காட்டுகிறது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 4 லட்சம் கோடி பைட் என்று சரியாகத்தான் தருகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆல் வகுத்துக்கொண்டு போய் அதையும் டிபி என்றே போடுகிறது. அளவு ஒன்று, படி இரண்டு. இதைவிட என் கண்ணைத் திறந்தது 128 கேபி கட்டம். கலர் கரெக்‌ஷன் செய்யும்போது ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி ஃபைல் உண்டாகும், ஏழெட்டு கேபிதான். ஆனால் ஒரு கட்டத்தில் இன்னொரு ஃபைலை உட்காரவிடாது. என்னிடம் அப்படி 40,000 இருந்தது. சரக்கு 300 எம்பி, பிடித்த இடம் ஏறக்குறைய 5 ஜிபி.

நண்பர் ஒருவர், இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி எழுதுகிற பெட்டி வாங்கச் சொன்னார். பாயிடம் கேட்டேன். "டிஸ்க்கு ஒண்ணு செத்தா அது உதவும். உங்க பையன் ஃபார்மேட் குடுத்தா ரெண்டுலயும் ஃபார்மேட் ஆகும்." வாங்கவில்லை. அதற்குப் பதில், ஒரு டிஸ்க் கடையில், ஒன்று வீட்டில், ஒன்று திருச்சியில் அக்கா வீட்டுப் பீரோவில், புடவைகளுக்கு நடுவில். மாதம் ஒருமுறை போய் மாற்றிவிட்டு வருகிறேன். கடை டிஸ்க்கை எக்ஸ்ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ் என்கிற இன்னொரு முறைக்கு மாற்றிவிட்டேன். நோட்டில் எழுதப்போவதை முதலில் ஒரு ஜர்னலில், அதாவது குறிப்பேட்டில், குறித்துக்கொண்டு எழுதுகிறதாம், கேபிளை இழுத்தாலும் எந்த இடத்தில் விட்டோம் என்று அதற்குத் தெரியும். எக்ஸ்ஃபேட்டில் அது கிடையாது. டிவியிலும் மேக்கிலும் சொருகலாமே என்றுதான் அதை வைத்திருந்தேன். டிவியில் யார் சொருகினார்கள்?

ஐந்துக்கு நாலு ஸ்டார். ஒன்று குறைத்தது அந்தச் சீட்டுக்கும் மாடிப்படிக்கும் சேர்த்து.

இப்போது பாக்கி நிற்பது பெயர் வைக்கும் வேலை. தொலைந்த போல்டர் 1, தொலைந்த போல்டர் 2 என்று வரிசையாக நிற்கிறது. படத்துக்குள்ளேயே எடுத்த தேதி இருக்கிறது. அதை அட்வான்ஸ் பில் புத்தகத்தின் முகூர்த்தத் தேதியோடு ஒட்டிப் பார்த்து முப்பத்துமூன்றுக்குப் பெயர் வைத்தாயிற்று. நல்ல முகூர்த்த நாளில் இரண்டு மூன்று கல்யாணம் ஒரே தேதியில் விழுந்திருக்கிறது, அங்கே தேதி உதவவில்லை. ஒரு கேமராவில் பேட்டரி மாற்றிய பிறகு தேதி வைக்க மறந்து, நான்கு கல்யாணம் முழுக்க 2019 ஜனவரி 1-ஆம் தேதி நடந்திருக்கிறது.

அவற்றை அப்பாவிடம் காட்டுகிறேன். எழுபத்துநான்கு வயது, கம்ப்யூட்டர் பக்கம் வரவே மாட்டார். இப்போது சாப்பிட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பெண்ணையோ மாப்பிள்ளையையோ பார்ப்பதில்லை. பின்னால் நிற்கிற கிழவர்களைப் பார்க்கிறார். "இது சாக்கோட்டை மளிகைக்கடைக்காரர். அவர் கல்யாணமே நான்தான் எடுத்தேன், பிளாக் அண்ட் ஒயிட். இது அவர் பேத்தியா இருக்கும்." பையன் பக்கத்தில் நின்று போல்டருக்குப் பெயர் அடிக்கிறான். ஒவ்வொன்றுக்கும் அப்பா நெகட்டிவ் நோட்டில், விட்ட இடத்திலிருந்து அடுத்த நம்பர் போட்டு எழுதிக்கொள்கிறார். டிஸ்க்கில் இருப்பதற்கு எதற்கு நோட்டு என்று நான் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றில் தப்பாகச் சொன்னார். சுவாமிமலைப் பார்ட்டிக்குத் தாராசுரத்துக் கல்யாணத்தை அனுப்பிவைத்துவிட்டேன். பெண்ணின் அப்பா போன் பண்ணினார். "தம்பி, படம் ரொம்ப நல்லாருக்கு. ஆனா இது யாரு?"